டப்பாவுக்குள் பதினொரு சொந்தக்காரர்கள்

டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு பெயர்கள். நேரில் பேசும்போது அக்கா. அவள் எழுந்து அந்தப் பக்கம் போனதும் டப்பா அக்கா. இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பேர் வைத்தவர்களின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

டப்பா என்பது ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. மூடி ஒரு ஓரத்தில் நசுங்கியிருக்கும். உள்ளே ஒரு துண்டில் சுற்றிப் பதினொரு பழைய கைபேசிகள். அந்த அலுவலகத்தில் இணையப் பக்கங்கள் செய்து கொடுத்தார்கள். ஒரு பக்கத்தைச் செய்து முடித்துக் கேட்டவர்களிடம் ஒப்படைப்பதற்கு முன்னால், அவள் ஜன்னலோர மேசையில் துண்டை விரித்துப் பதினொன்றையும் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். படம் ஓரத்தைத் தாண்டித் தொங்குகிறதா, ஒன்றில் விரல் வைத்தால் இன்னொன்று அழுந்துகிறதா என்றெல்லாம் பார்ப்பாள். ஒரே கைபேசியில் இரண்டு மூன்று பிரவுசர் இருக்கும். ஒன்றில் லட்சணமாக நிற்கும் பக்கம், இன்னொன்றில் மழையில் நனைந்த செய்தித்தாள் மாதிரி கிடக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

கைபேசிகளுக்கு எண் ஒட்டச் சொன்னார் முதலாளி. ஒட்டினாள். ஆனால் எண் அவள் மனதில் நிற்கவில்லை, உறவுதான் நின்றது. எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தது பெரியம்மா. எதைக் கேட்டாலும் யோசித்து யோசித்துப் பதில் சொல்வது மாமனார். உள்ளங்கைக்குள் அடங்குவது குட்டி மச்சினி. காரணமே சொல்லாமல் திடீரென்று அணைந்துபோவது பெரிய மாப்பிள்ளை.

மெல்ல மெல்ல அலுவலகம் முழுக்க அதே பாஷைக்கு வந்துவிட்டது.

"என்னக்கா, சொந்தக்காரங்க சம்மதிச்சாங்களா?" என்று கேட்பான் பக்கங்களை வடிவமைக்கிறவன்.

"பெரியம்மா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காங்க."

எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப உட்காருவான். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு இழை இடைவெளி கூடினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. அதனால் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தது அவள்தான். அது அவனுக்குத் தெரியாது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். அம்மா படுக்கையில் விழுந்தாள். தங்கச்சிக்கு அப்போது நான்கு வயது. யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. யார் என்று பெரிதாக யாரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. கல்யாணமான பிறகு கணவனின் அண்ணன் வைத்திருந்த பழைய கைபேசிக் கடையில் ஒன்பது வருஷம் நின்றாள். கைபேசியை வாங்க வந்தவர்களைவிட, வாங்கியதில் ஏதோ ஒரு செயலி திறக்கவில்லை என்று நீட்டியவர்கள்தான் அதிகம். அவள் அதிகம் பேசமாட்டாள். வாங்கிப் பார்ப்பாள், திருப்பிப் பார்ப்பாள், அணைத்துத் திறப்பாள். எந்தக் கைபேசியில் எது எப்படிக் கோணும் என்பது அவளுக்குக் கைரேகை மாதிரி பாடமாயிற்று.

ஒரு நாள் ஒரு பெரியவர் கைபேசியை நீட்டி, "என் போன் கெட்டுப்போச்சாம்மா?" என்றார். அதில் ஒரு மருந்துக் கடையின் பக்கம் இருந்தது. பாதி எழுத்து திரைக்கு வெளியே போயிருந்தது.

"உங்க போன் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கத்தைச் செஞ்சவரு தன் மேசைய விட்டு எந்திரிச்சதே இல்ல போல."

பக்கத்தில் உடைந்த திரையை மாற்ற நின்றிருந்த ஆள் இருமினார். "அதைச் செஞ்சது நான்தாம்மா."

அவள் கடைக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் போனவள்தான். அவர் போகும்வரை வெளியே வரவில்லை. மூன்று நாள் கழித்து அவரே திரும்ப வந்தார், ஒரு லேப்டாப்போடு. அதை மேசையில் வைத்து, "இன்னும் என்னென்ன தப்புன்னு சொல்லு. வேலைக்கு வந்து சொன்னாலும் சரி" என்றார். அவர்தான் முதலாளி. அப்படித்தான் அவள் மாடிக்கு வந்தாள்.

முதலில் பார்த்துச் சொல்ல மட்டும். அப்புறம் மில்லிமீட்டர் திருத்துவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து, சின்னத் திருத்தங்களைத் தானே செய்யப் பழகினாள். கட்டளைகள் இங்கிலீஷில் இருந்தன. அவள் அவற்றை மனிதர்களைப் போல முகம் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டாள். இது அகலம், இது உயரம், இது ஓரத்து இடைவெளி. அவற்றோடு பழகுவது எளிதாக இருந்தது. ஆட்களோடு பேசுவதுதான் அவளுக்குக் கஷ்டம். மூன்று வருஷத்தில் வாடிக்கையாளர் யாரோடும் ஒரு முறைகூட அவள் போனில் பேசியதில்லை. மணி அடித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அந்த வாரம் வந்த வேலை, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு நிலையத்துடையது. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்காகப் புதிதாகத் திறக்கிறார்கள். நாற்பது இடம். விண்ணப்பப் பக்கத்தை முன்னாலேயே திறந்து பார்க்கலாம், ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் அனுப்ப முடியும். முதலில் அனுப்புகிறவர்களுக்கு முதலில் இடம்.

அந்த நாற்பதில் ஒன்று அவள் தங்கச்சிக்குக் கிடைத்தாக வேண்டும். தங்கச்சி ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்தாள். இரண்டரை வயதுப் பெண் குழந்தையை எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறாள். இடம் கிடைக்காவிட்டால் தங்கச்சி வேலையை விட வேண்டியதுதான், வேறு வழியில்லை. வீட்டில் யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும் என்றால் அது யார் என்று இந்த முறையும் யாரும் யோசிக்கப் போவதில்லை.

நிலையத்தின் அதிகாரி அம்மா ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பக்கத்தை மேலும் கீழும் தள்ளாமல், எல்லாம் ஒரே திரையில் அடங்க வேண்டும். மில்லிமீட்டருக்கு அது கரும்பு தின்னக் கூலி. நான்கு கட்டம், கீழே ஒட்டினாற்போல 'அனுப்பு' என்று ஒரு பச்சைப் பொத்தான். பக்கம் அசையவே அசையாது. கணினியில் பிரவுசர் ஜன்னலை ஒடுக்கி ஒடுக்கிப் பார்த்தான், எல்லா அகலத்திலும் சிலை மாதிரி நின்றது. வியாழக்கிழமை அவள் டப்பாவைத் திறந்தாள். பதினொரு பேரும் சம்மதித்தார்கள். பெரிய மாப்பிள்ளைகூட அணையாமல் இருந்தார். வெள்ளிக்கிழமை நிலையம் பதிவு செய்திருந்த எல்லா அம்மாக்களுக்கும் பக்கத்தின் இணைப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டது. மில்லிமீட்டர் திருப்தியாக வெளியூர் கிளம்பிப் போனான்.

சனிக்கிழமை மதியம் அவள் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி துணி மடித்துக்கொண்டே ஒரு கையால் கைபேசியைத் தட்டினாள். அக்கா பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்.

"அக்கா, உன் பக்கத்துக்குத் தலை இருக்கு, கழுத்து இருக்கு, காலக் காணோம்."

"என்ன கால்?"

"பேரு கேக்குது, குழந்த வயசு கேக்குது, வேல எங்கன்னு கேக்குது. எல்லாத்தையும் கேட்டுட்டு அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல. சம்பந்தம் பேசிட்டு வாசக்கதவப் பூட்டிட்டுப் போன மாதிரி இருக்கு."

அவள் நகவெட்டியை வைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினாள். பொத்தான் இல்லை. தள்ளிப் பார்த்தாள். பக்கம் அசையவில்லை. மேலே பிரவுசரின் முகவரிப் பட்டை ஒரு விரல் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையின் முழு உயரம்தான் பக்கத்தின் உயரம் என்று மில்லிமீட்டர் எழுதியிருந்தான். பட்டை பிடித்துக்கொண்ட இடத்தை அந்தக் கட்டளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. மேலே ஒரு விரல் உயரம் பட்டை ஏறினால், கீழே ஒரு விரல் உயரம் பக்கம் திரைக்கு வெளியே இறங்கும். பொத்தானின் உயரம் ஒரு விரல்தான். மற்ற பக்கங்களில் மேலே தள்ளினால் பட்டை ஒளிந்துகொள்ளும். இந்தப் பக்கமோ அசையாது.

சரி, டப்பாவில் இருந்த பதினொரு பேரும் எப்படிச் சம்மதித்தார்கள்?

யோசித்தபோது அவளுக்கு முகம் சுட்டது. ஒவ்வொன்றிலும் முகவரியைத் தட்டி மாளவில்லை என்று, போன வருஷத்திலிருந்து அவள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். பார்க்க வேண்டிய பக்கத்தை ஒரு சின்னப் படமாகக் கைபேசியின் முகப்பிலேயே வைத்துவிடுவாள். தொட்டால் திறக்கும். அப்படித் திறக்கும்போது மேல்பட்டை வராது, பக்கம் முழுத்திரையும் எடுத்துக்கொள்ளும். ஊரே முன்வாசல் வழியாக வரப்போகிற வீட்டுக்குள் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

"இங்க வேற யாருக்கெல்லாம் இந்த மெசேஜ் வந்துச்சு?"

"ஏன், இந்தக் கட்டடத்துலயே அஞ்சு பேரு."

தங்கச்சியே ஐந்து வீட்டுக் கதவையும் தட்டினாள். அக்கா குழந்தையோடு பின்னால் நின்றாள். ஐந்தில் நான்கு கைபேசியில் பொத்தான் இல்லை. ஐந்தாவது புதுசு, நீளமானது. அதில் பொத்தானின் தலைமுடி மட்டும் தெரிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கு இவ்வளவு யோசன? திங்கக்கிழம எட்டு மணிக்கு உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என் பேரப் போட்டு அனுப்பிடு. அதுல பொத்தான் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப முடிஞ்சுது."

"மத்தவங்க?"

தங்கச்சி மடித்த துணியையே மறுபடியும் மடித்தாள். கதவைத் திறந்த அந்த ஐந்து பேரும் அவளோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள்.

அவள் முதலாளிக்கு ஒரு செய்தி எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். நான்காவது முறை எழுதியது, "தப்பு நடந்துபோச்சு சார். என் தப்பு." அனுப்பிய உடனே கைபேசியைக் குழந்தையின் தலையணைக்கு அடியில் வைத்தாள். அங்கேயே அது அடித்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாளி சொன்னார், "உன்னால திருத்த முடியுமா?"

"முடியும் சார். மூணு வரி. ஆனா ஒரே திரைல அடங்காது. தள்ளித்தான் பாக்கணும்."

"அந்த மேடம் கையெழுத்துப் போட்ட டிசைன் அது. கேக்காமத் தொட முடியாது. நான் பேசினா, சாக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. கண்ணால பாத்தவ நீ. நாளைக்குக் காலைல நீயே பேசிடு."

"நானா சார்?"

"உன் சொந்தக்காரங்கள்ல யாராவது பேசுவாங்கன்னா அவங்களையே பேசச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டயர்க் கடைக்காரரிடம் மாடிச் சாவியை வாங்கினாள். காலியான அலுவலகம். ஒரு தாளில் பேச வேண்டியதை நான்கு வரியாக எழுதி, இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம் மேடம். நான் பக்கம் செஞ்ச ஆபீஸ்ல இருந்து பேசறேன்."

"முதலாளி பேசலையா?"

"அவர்தான் என்னப் பேசச் சொன்னார்."

அடுத்தது தாளில் இரண்டாவது வரி. பெருவிரல் ஈரத்தில் அது கலைந்துபோயிருந்தது. அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"மேடம், உங்க வீட்டுல பழைய போன் யாருகிட்ட இருக்கு?"

"என்ன கேள்வி இது? எங்க அம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. ஏன்?"

"வெள்ளிக்கிழம எல்லாருக்கும் போன மெசேஜை அவங்களுக்கு அனுப்பி, திறந்து பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தூரத்தில் ஏதோ பேச்சுக் கேட்டது. "என் போன எதுக்குடி நோண்டுற?" என்று ஒரு குரல். "ஒரு நிமிஷம்மா, கண்ணாடியக் கழட்டாத." பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வைத்துவிட்டாரோ என்று அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அனுப்பு பட்டன் எங்க?" என்றார் அதிகாரி அம்மா.

"அதத்தான் மேடம் நானும் நேத்துலருந்து தேடறேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் சிரிப்பா பெருமூச்சா என்று தெரியாத ஒரு சத்தம்.

"இத யாரு சரிபாத்தது?"

மில்லிமீட்டரின் காலி நாற்காலி எதிரே இருந்தது. அவன் கட்டளைதான் மூலம். அப்படிச் சொன்னால் பொய்யுமில்லை.

"நான்தான் மேடம். சரியாப் பாக்கல."

"மாத்தினா ஒரே திரைல வராதா?"

"வராது மேடம். கொஞ்சம் மேல தள்ளணும். ஆனா பட்டன் எல்லார் போன்லயும் இருக்கும். உங்க அம்மா போன்லயும்."

"எனக்கு அந்த அழகு பிடிச்சிருந்தது" என்றார் அதிகாரி அம்மா. பிறகு, "மாத்துங்க. மாத்திட்டு எனக்குச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

உயரக் கட்டளையை எடுத்தாள். பக்கத்தை அசையவிட்டாள். பொத்தானைத் தரையிலிருந்து பெயர்த்து, கடைசிக் கட்டத்துக்கு அடுத்தாற்போல வைத்தாள். பதினொரு கைபேசியிலும் முகப்பில் இருந்த சின்னப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். இணைப்பை ஒவ்வொன்றுக்கும் தபால் மாதிரி அனுப்பி, வந்த செய்தியைத் தொட்டுத் திறந்தாள். குட்டி மச்சினி முதலில் சரி என்றது. பெரியம்மாவுக்கு இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தது, ஆனால் பொத்தான் வந்தது. மாமனார் யோசித்தார். அவள் காத்திருந்தாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள், திரைக்குத் தகுந்த பக்கம் என்பதும் அதேதான். எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்தால் யாராவது ஒருவர் மூச்சு முட்டித்தான் நிற்பார்.

மதியம் மில்லிமீட்டர் கூப்பிட்டான். முதலாளி சொல்லியிருக்கிறார்.

"என் டிசைன ஒடச்சுட்டீங்களாமே."

"ஆமா தம்பி."

"ஒரே திரைல எவ்வளவு அழகா இருந்துச்சு."

"அழகு இருந்துச்சு தம்பி. பொத்தான்தான் இல்ல."

அவன், "பொத்தானுக்கு மேல இடைவெளி எவ்வளவு விட்டீங்க?" என்றான். சொன்னாள். "இன்னும் கொஞ்சம் விடுங்கக்கா, மூச்சு முட்டும்" என்றான். அவள் விட்டாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் தங்கச்சி வண்டிக்குக் காத்திருக்கும் இடத்திலிருந்து அழைத்தாள். "கம்ப்யூட்டர் கையிலதான இருக்கு? நீயே போட்டுடேன்."

"உன் போன்ல பொத்தான் இருக்கு. நீயே அழுத்து."

"கல்நெஞ்சுக்காரி."

எட்டு மணி ஆனது. வந்து சேரும் விண்ணப்பங்களின் எண் கணினித் திரையில் ஏறுவதை அவள் நின்றுகொண்டே பார்த்தாள். ஒன்று, நான்கு, பதினொன்று. எல்லோரும் நேற்றே எழுதிவைத்துக் காத்திருந்தது போலிருந்தது. ஏழாவது நிமிஷம் நாற்பதைத் தாண்டியது.

கைபேசி அடித்தது.

"நாப்பத்தி மூணு" என்றாள் தங்கச்சி. குரலில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "எங்க கட்டடத்துல அஞ்சு பேருக்கும் கெடச்சிருச்சு. எனக்கு முன்னாடி எல்லாரும் அழுத்திட்டாங்க. நீ மட்டும் திருத்தாம விட்டிருந்தா நான் மொதல் ஆள்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அழுறியாக்கா?"

"இல்ல."

"பின்ன மூக்க ஏன் உறிஞ்சற? வண்டி வந்துருச்சு. சாயங்காலம் வந்து திட்டறேன்."

சாயங்காலம் வந்தாள். திட்டவில்லை. குழந்தையை அக்கா மடியில் போட்டுவிட்டு, "அந்த அஞ்சு பேரும் வண்டில எனக்கு இடம் விட்டு உக்காந்தாளுங்க. மொகத்தப் பாக்கவே கூசுது அவளுங்களுக்கு. நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்றாள். பிறகு, "நீ பண்ணது சரிதான். எனக்குக் கோவம் இருக்கு, ஆனா சரிதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை அலுவலகத்தில் மணி அடித்தது. வழக்கம்போல் தண்ணீர் குடிக்க எழுந்தவளை முதலாளி கை காட்டி உட்காரவைத்தார். "உனக்குத்தான்."

அதிகாரி அம்மா பேசினார். பட்டியலைச் சரிபார்த்தார்களாம். அவசரத்தில் சில வீடுகளில் புருஷன் ஒரு கைபேசியிலும் பெண்டாட்டி ஒரு கைபேசியிலும் ஒரே குழந்தைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அப்படி நான்கு. இரட்டையாக வந்ததை நீக்கிவிட்டு, காத்திருப்பவர்களை மேலே ஏற்றுகிறார்கள். ஒரே குழந்தை இரண்டு முறை வந்தால் பக்கமே தடுக்கும்படி அடுத்த தடவைக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்.

"முடியும் மேடம்" என்றாள். பிறகு, "மேடம், நாப்பத்தி மூணாவதா வந்தவங்களுக்கு இடம் கெடச்சுதா?" என்று கேட்டாள்.

காகிதம் புரளும் சத்தம். "உள்ள வந்துட்டாங்க. முப்பத்தொன்பது. ஏன், தெரிஞ்சவங்களா?"

"என் தங்கச்சி மேடம்."

காகிதம் புரள்வது நின்றது. "ஞாயித்துக்கிழம பேசினப்ப இத நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கல மேடம்."

மாதம் முடிந்து எதிர்வீட்டுக்காரி போனாள். குழந்தை நிலையத்துக்குப் போக ஆரம்பித்தது. முதல் மூன்று நாள் அழுதது, நான்காம் நாள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதது. தங்கச்சி அந்த வருஷக் கடைசியில் வேறு கைபேசி வாங்கினாள். பழையதை, ஓரம் உடைந்தபடியே, அக்கா கையில் வைத்தாள்.

"உன் டப்பால போட்டுக்க. என்ன பேரு வெப்ப? தங்கச்சின்னா?"

"தங்கச்சி இவ்வளவு அமைதியா இருக்காது" என்றாள் அவள்.

அலுவலகத்தில் இப்போது துண்டின்மேல் பன்னிரண்டு கைபேசிகள் படுக்கின்றன. எல்லாவற்றிலும் செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டுத்தான் திறக்கிறார்கள், குறுக்குவழி கிடையாது. மில்லிமீட்டர் நாற்காலியைத் திருப்பி, பெரியம்மாவைப் பற்றியும் மாமனாரைப் பற்றியும் விசாரித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் பயத்தோடு கேட்பான்.

"நாப்பத்தி மூணு என்ன சொல்லுதுக்கா?"

அவள் ஓரம் உடைந்த அந்தக் கைபேசியைக் கையில் எடுத்து, பக்கத்தை மெதுவாகக் கடைசிவரை தள்ளிப் பார்ப்பாள்.